நம்பர் 2 பென்சிலும் அகதிப் பிள்ளையின் முதல் ஆங்கிலமும்

ஜூலை பாதி கடந்துவிட்டால் போதும், அமெரிக்காவின் வால்மார்ட், டார்கெட் போன்ற பெரிய கடைகளில் ஒரு தாங்கி முளைத்துவிடும். சுற்றுவட்டாரப் பள்ளிகள் வகுப்புவாரியாகப் போட்ட பட்டியல்கள் அதில் அடுக்கியிருக்கும். பெற்றோர் தங்கள் பிள்ளையின் பட்டியலை உருவிக்கொண்டு தள்ளுவண்டியோடு கிளம்புவார்கள். சீவிய நம்பர் 2 பென்சில் இரண்டு டஜன். 24 நிறக் கிரேயான் பெட்டி, கிரயோலாவாக இருந்தால் நல்லது. வைட் ரூல்டு ஸ்பைரல் நோட்டு நான்கு, ஒவ்வொன்றும் ஒரு நிறம். கறுப்பு வெள்ளைப் பளிங்கு அட்டை போட்ட காம்போசிஷன் நோட்டு இரண்டு. ஓர் அங்குல பைண்டர். பசைக் குச்சி. முகம் துடைக்கும் காகிதம் மூன்று பெட்டி. பையன்கள் கேலன் அளவு ஜிப்லாக் பை, பெண்பிள்ளைகள் குவார்ட் அளவு.

அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களே அலுத்துக்கொள்ளும் பட்டியல் இது. தாய்லாந்து எல்லையிலுள்ள மே லா முகாமிலிருந்தோ, தான்சானியாவின் நியாருகுசு முகாமிலிருந்தோ வந்து இறங்கி மூன்று வாரம் ஆன ஒரு தாயின் கையில் இதைக் கொடுத்தால் என்ன ஆகும்? பென்சிலுக்கு எதற்கு நம்பர்? நம் ஊரில் ஹெச்.பி. என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான் அங்கே நம்பர் 2. வைட் ரூல்டு என்றால் கோட்டுக்குக் கோடு 8.7 மில்லிமீட்டர், காலேஜ் ரூல்டு என்றால் 7.1. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குக் காலேஜ் நோட்டு எதற்கு என்று அந்தத் தாய் அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம். ஆனால் மேல் வகுப்புகளில் கேட்பது பெரும்பாலும் அதைத்தான். கேலனும் குவார்ட்டும் அங்குலமும், லிட்டரிலும் சென்டிமீட்டரிலும் வாழ்ந்து வந்தவருக்கு இன்னொரு பாஷை.

அகதிப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பையும் நோட்டும் கொடுப்பது பற்றிப் பேச்சு வந்தால் வறுமையைத்தான் பேசுகிறோம். அவர்களிடம் காசு இல்லை, வாங்கிக் கொடுப்போம் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதுவும் உண்மைதான். ஆனால் பாதிப் பிரச்சினை மொழி. ஆங்கிலம் தெரியாமல் வந்த குடும்பத்துக்கு வைக்கப்படும் முதல் ஆங்கிலப் பரீட்சை இந்தப் பட்டியல். அதை வீடே உட்கார்ந்து எழுதுகிறது. பொருள் கொடுக்க நினைப்பவர்கள் இதைக் கவனித்தால், எதைக் கொடுப்பது, எந்த மாதம் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்று எல்லாமே கொஞ்சம் மாறிவிடும்.

அமெரிக்காவில் அகதிகளைக் குடியமர்த்துவதற்கு ஒழுங்கான ஏற்பாடு 1980-ம் ஆண்டின் அகதிகள் சட்டத்தோடு வந்தது. பணம் அரசுடையது. விமான நிலையத்தில் வரவேற்று, வீடு பிடித்துக் கொடுத்து, முதல் 90 நாளுக்குள் காலூன்ற வைப்பது தொண்டு நிறுவனங்களின் பொறுப்பு. பள்ளி வயதுப் பிள்ளைகளை 30 நாளுக்குள் பள்ளியில் சேர்ப்பதும் அதில் அடக்கம். புது வீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அரசே ஒரு பட்டியல் வைத்திருந்தது. ஆளுக்கு ஒரு தட்டு, ஆளுக்கு ஒரு நாற்காலி, ஆளுக்கு ஒரு துண்டு, டப்பா திறப்பான், அலாரம் கடிகாரம், பல்பு. அந்த வரிசையில் 'காகிதம், பேனா அல்லது பென்சில்' என்றும் ஒரு வரி. அவ்வளவுதான். மீதி பள்ளியின் பாடு என்று இவர்கள் நினைக்க, பள்ளி அதைப் பெற்றோரின் பாடு என்று பட்டியலை நீட்டுகிறது.

இது நமக்குக் கொஞ்சம் வியப்பாகத்தான் இருக்கும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பாடநூல், நோட்டு, புத்தகப் பை, ஜியோமெட்ரி பாக்ஸ், வண்ணப் பென்சில், சீருடை எல்லாம் விலையில்லாமல் வருகின்றன. 2021 முதல் மறுவாழ்வு முகாம் என்று அழைக்கப்படும் முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களின் பிள்ளைகளும் அதே வரிசையில் நின்று அதே பையை வாங்குகிறார்கள். அந்த முகாம்களின் மற்றக் குறைகளைச் சொல்லப் போனால் தனிக் கட்டுரை வேண்டும். ஆனால் முதல் நாள் வெறுங்கையோடு உட்கார வேண்டிய நிலை அங்கே பெரும்பாலும் இல்லை. அமெரிக்கப் பொதுப் பள்ளியில் பாடநூல் இலவசம், பல இடங்களில் குரோம்புக் கணினியும் கையில் தருவார்கள், மஞ்சள் பேருந்து வாசலுக்கு வரும். பென்சில் மட்டும் உங்கள் செலவு.

சட்டம் இந்த இடத்தில் எப்படி நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் 1970-களின் தொடக்கத்தில் ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகளில் ஏறக்குறைய 1,800 பேருக்கு மொழியுதவி எதுவும் கிடைக்கவில்லை. எல்லோருக்கும் தரும் அதே வகுப்பு, அதே புத்தகம் இவர்களுக்கும் தருகிறோமே, வேறென்ன வேண்டும் என்றது பள்ளி நிர்வாகம். லாவ் எதிர் நிக்கல்ஸ் என்ற அந்த வழக்கில் 1974-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரே வசதியும் ஒரே பாடநூலும் ஒரே ஆசிரியரும் ஒரே பாடத்திட்டமும் தந்துவிட்டதாலேயே சமமாக நடத்தியதாக ஆகாது. ஆங்கிலம் புரியாத பிள்ளைக்குப் பொருளுள்ள கல்வியின் கதவு அடைபட்டே இருக்கிறது என்று நீதிபதி டக்ளஸ் எழுதினார். இன்று அமெரிக்கப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பவர்களுக்குத் தனி வகுப்பும் தனி ஆசிரியரும் இருப்பதற்கு இந்தத் தீர்ப்பு முக்கியமான அடித்தளம். 2021 நிலவரப்படி அப்படிப்பட்ட மாணவர்கள் ஏறக்குறைய 53 லட்சம், அதாவது பொதுப் பள்ளி மாணவர்களில் பத்தில் ஒருவருக்குச் சற்று மேல்.

தீர்ப்பை எதிர்ப்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். ஒரே புத்தகம் போதாது, மொழியும் வேண்டும் என்றது நீதிமன்றம். இன்றைய அகதிப் பிள்ளைக்கு மொழி வகுப்பு உரிமையாகவே கிடைக்கிறது. அந்த வகுப்பில் எழுதும் நோட்டு உரிமைப் பட்டியலில் இல்லை. அது நன்கொடையாகிவிட்டது. கலிபோர்னியா மாதிரி சில மாநிலங்கள் இதில் கறார். இலவசக் கல்வி என்றால் முழுதும் இலவசம் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1984-ல் சொன்னது. 2012-ல் அது சட்டமாகவும் வந்தது. அங்கே பட்டியல் அனுப்பலாம், கட்டாயம் என்று சொல்லக் கூடாது. 'இயன்றால் அன்பளிப்பாகத் தாருங்கள்' என்று நயமாக எழுத வேண்டும். ஆனால் அந்த நயம் யாருக்குப் புரியும்? அகராதியை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படிக்கிறவருக்கு வேண்டுகோளும் உத்தரவும் ஒரே மாதிரிதான் தெரியும். வாங்க முடியாதவர் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவே கூசுவார்.

பட்டியலை மொழிபெயர்த்தால் தீராதா என்று கேட்கலாம். ஸ்பானிய மொழியில் பல ஊர்களில் கிடைக்கிறது. நேபாளி, சுவாகிலி, ஆப்கானிஸ்தானின் தாரி எல்லாம் அந்தந்த ஊர் ஆட்களைப் பொறுத்தது. மியான்மரிலிருந்து விரட்டப்பட்ட ரோகிங்யாக்களிடம் வந்தால் கதை வேறு. அவர்களுடைய ஹனிஃபி எழுத்துக்கு யூனிகோடில் இடம் கிடைத்ததே 2018-ல்தான். அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த பெற்றோர் மிகக் குறைவு. எழுத்தில் மொழிபெயர்த்துத் தருவதால் அங்கே பயனில்லை. பொருளின் படம், பக்கத்தில் அதன் ஆங்கிலப் பெயர், எத்தனை என்பதற்கு ஓர் எண். இப்படி ஒரு பக்கப் படப் பட்டியல் போட்டுவிட்டால் தாய் கடையில் பொருளைக் கண்டுபிடித்துவிடுவார், பிள்ளை பத்துச் சொல் கற்றுவிடும். புதிதாக வந்தவர்களுக்கான வகுப்பில் முதல் வாரப் பாடமே இந்தப் பொருள்களின் பெயர்கள்தான். கையில் பொருள் இல்லாமல் அந்தப் பாடம் நடத்துவது, மாவில்லாமல் தோசை சுடச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி.

முகாமிலேயே ஆங்கிலம் படித்து வந்த பிள்ளைகளுக்கும் சறுக்கல் உண்டு. கென்யாவின் காகுமாவில் கற்ற ஆங்கிலம் பிரிட்டிஷ் வழி வந்தது. நம்மைப் போலவே அவர்களுக்கும் அழிப்பான் என்றால் ரப்பர். அமெரிக்க வகுப்பில் எழுந்து நின்று ரப்பர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டால், அந்தச் சொல்லுக்கு அங்கே பேச்சுவழக்கில் ஆணுறை என்று பொருள் இருப்பதால், பெரிய வகுப்பு என்றால் சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆகும்.

அப்புறம் நோட்டு. எல்லா நோட்டும் நோட்டுதானே என்று நினைப்போம். தாரியும் பஷ்தோவும் அரபும் வலமிருந்து இடமாக எழுதும் மொழிகள். அந்த நோட்டின் முதல் பக்கம் நமக்குக் கடைசிப் பக்கம். அமெரிக்க நோட்டில் இடப்பக்கம் ஒரு சிவப்பு மார்ஜின் கோடு, மூன்று துளை. காபூலில் நான்காம் வகுப்பு வரை படித்து வந்த பிள்ளை அதைப் பின்னாலிருந்து திறந்து எழுத ஆரம்பிப்பது தவறே அல்ல, அதன் பள்ளி கற்றுக்கொடுத்த ஒழுங்கு அது. எண்களும் இடிக்கும். அரபு நாடுகள் பலவற்றில் 5 என்று எழுதுவது ஏறக்குறைய நம் பூஜ்யத்தைப் போன்ற வட்டம். அவர்களுடைய பூஜ்யம் வெறும் புள்ளி. கணக்கு நன்றாகத் தெரிந்த பிள்ளைகூட முதல் வாரத்தில் தப்பாகப் போடுவதற்கு இது ஒரு காரணம்.

யுனிசெஃப் இதை எப்போதோ யோசித்துவிட்டது. 1990-களில் ருவாண்டா அகதிகள் நெருக்கடியின்போது பயன்பாட்டுக்கு வந்த அதன் 'பெட்டிக்குள் பள்ளிக்கூடம்' ஓர் அலுமினியப் பெட்டி. ஓர் ஆசிரியருக்கும் 40 பிள்ளைகளுக்கும் வேண்டிய நோட்டு, பென்சில், அழிப்பான், கத்தரிக்கோல், மரக் கடிகாரம், எண்ணும் கட்டைகள் எல்லாம் உள்ளே இருக்கும். மூடியின் உட்பக்கம் கறுப்புச் சாயம் பூசினால் அதுவே கரும்பலகை. அதில் எனக்குப் பிடித்தது நோட்டு: மார்ஜின் கோடே போடாமல் அச்சடிக்கிறார்கள். இடமிருந்து எழுதுகிறவரும் வலமிருந்து எழுதுகிறவரும் ஒரே நோட்டில் எழுதலாம். ஒரு கோட்டை அழித்துவிட்டதில் எத்தனை யோசனை இருக்கிறது பாருங்கள். பணக்கார நாட்டில் பைகளை நிரப்புகிறவர்கள் இந்த அளவுக்கு யோசிப்பதை நான் அதிகம் கண்டதில்லை.

கோடுகளைப் பற்றி இன்னொன்று. தமிழுக்கு இரண்டு கோடு, ஆங்கிலத்துக்கு நாலு கோடு என்று நாம் சிறுவயதில் தனித்தனி நோட்டு வாங்கியது ஞாபகம் இருக்கும். காரணம் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் சில மேலே எழும்பும், சில கீழே தொங்கும், பெரிய எழுத்து சிறிய எழுத்து என்று இரண்டு வகை வேறு. தமிழில் போலவே பர்மியத்திலும் நேபாளியிலும் தாரியிலும் பெரிய எழுத்து என்ற ஒன்றே கிடையாது. நடுவில் புள்ளிக் கோடு போட்ட நோட்டு அமெரிக்கக் கடைகளில் கிடைக்கிறது. ஆனால் அது மழலை வகுப்பு அடுக்கில், அட்டையில் கரடிக்குட்டி படத்தோடு இருக்கும். பள்ளிக்கே சரியாகப் போக வாய்க்காமல் பதினைந்து வயதில் வந்து சேரும் பையனுக்கும் அதே கோடுதான் வேண்டும், கரடிக்குட்டி வேண்டாம். பக்கத்தில் இருப்பவன் பார்த்துவிட்டால் அவன் அந்த நோட்டை அப்புறம் பையிலிருந்து எடுக்கவே மாட்டான். சாதாரண அட்டை போட்டு அதே கோடு அச்சிட்ட தாள்களை பைண்டரில் கோத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது.

மொழி கற்பவருக்கென்றே பயன்படும் பொருள்கள் வேறு சில உண்டு. கையடக்க வெள்ளைப்பலகையும் மார்க்கரும் முதலில் வரும். நோட்டில் எழுதிய தப்பு நின்றுவிடும். பலகையில் எழுதியதை விரலால் துடைத்துவிடலாம். வாயைத் திறக்கப் பயப்படும் பிள்ளைகூடப் பலகையைத் தூக்கிக் காட்டும். சொல் ஒரு பக்கம், படமோ தாய்மொழிச் சொல்லோ மறுபக்கம் எழுதிக்கொள்ள இன்டெக்ஸ் கார்டு. மைக் உள்ள ஹெட்போன். இது சொகுசு இல்லை. ஆங்கிலம் கற்கும் மாணவர்களுக்காகப் பெரும்பான்மை மாநிலங்களில் நடக்கும் வைடா ஆங்கிலத் தேர்வில் கேட்டு விடை சொல்லும் பகுதியும் பேசிப் பதிவு செய்யும் பகுதியும் கணினியில்தான். வாழ்நாளில் ஹெட்போனே மாட்டாத பிள்ளை தேர்வன்று முதன்முதலாக மாட்டினால் அளக்கப்படுவது ஆங்கிலமா, பதற்றமா? கடைசியாக அகராதி. மாசசூசெட்ஸ், நியூயார்க் போன்ற மாநிலங்கள் சொல்லுக்குச் சொல் மட்டும் தரும் இருமொழி அகராதியை, அதாவது விளக்கம் இல்லாத அகராதியை, மாநிலத் தேர்வுகளிலேயே அனுமதிக்கின்றன. ஆனால் நன்கொடைப் பைகளில் மினுக்கு பேனா இருக்கும், அகராதி இருக்காது.

பொருளைவிடப் பெரிய தகராறு மாதம். ஆகஸ்டைச் சுற்றியே எல்லாம் சுழல்கிறது. கடைகளின் தள்ளுபடி அப்போது, டெக்சாஸ் போன்ற மாநிலங்களின் விற்பனை வரி விலக்கு வாரயிறுதி அப்போது, தேவாலயங்களும் அலுவலகங்களும் பை நிரப்பிப் படம் எடுத்துக்கொள்வதும் அப்போது. அகதிகள் ஆகஸ்டில் மட்டும் வருவதில்லை. 2024 நிதியாண்டில் 1,00,034 பேர் வந்தார்கள், முப்பது ஆண்டில் இல்லாத எண்ணிக்கை; அவர்கள் பன்னிரண்டு மாதமும் வந்தார்கள். பிப்ரவரியில் மினசோட்டா பனியில் வந்து இறங்கிய பிள்ளை பள்ளியில் சேரும்போது கடை அடுக்கில் காதலர் தின அட்டைகள் இருக்கும். நோட்டு இருந்தாலும் ஆகஸ்டின் விலையில் இருக்காது. பை நிரப்பும் தொண்டர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம் என்றால் பாதியை ஜனவரிக்கு வைத்திருங்கள் என்றுதான் கேட்பேன்.

அந்த இடைவெளியை இப்போது அடைப்பது ஆசிரியரின் மேசைக்குப் பின்னாலுள்ள அலமாரி. 2015-16 கல்வியாண்டுக்கான அரசுக் கணக்கெடுப்பில் பொதுப் பள்ளி ஆசிரியர்களில் 94 சதவீதம் பேர் வகுப்புப் பொருள்களுக்குத் திரும்பக் கிடைக்காத சொந்தப் பணத்தைச் செலவழித்ததாகச் சொன்னார்கள். சராசரி 479 டாலர். 2022 முதல் 2025 வரை வருமான வரிக் கணக்கில் இதற்காக 300 டாலர் வரை கழித்துக்கொள்ள அரசு அனுமதித்தது. அதற்கு முன் 250. பெரிய மனதாகத் தெரியும். 22 சதவீத வரி கட்டுகிறவருக்கு அந்த 300-ஆல் மிச்சமானது 66 டாலர்.

அரசுப் பணம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆங்கிலம் கற்பவர்களுக்கான மத்திய நிதி ஆண்டுக்கு ஏறக்குறைய 89 கோடி டாலர். 53 லட்சம் பேருக்கு வகுத்தால் தலைக்கு 170 டாலருக்கும் கீழே, அதில் ஆசிரியர் பயிற்சியும் அடக்கம். அகதிகள் அதிகம் வந்த மாவட்டங்களுக்குத் தனி மானியம் இருக்கிறது. வீடில்லாமல் உறவினர் வீட்டில் நெருக்கியடித்து இருக்கும் குடும்பம் என்றால் வீடற்ற பிள்ளைகளின் கல்விக்கான மக்கின்னி-வென்டோ சட்டத்தின்படி பையும் நோட்டும் வாங்கவே பணம் ஒதுக்கலாம். இது பல அகதிக் குடும்பங்களுக்குப் பொருந்தும், ஆனால் தாங்களும் 'வீடற்றவர்' கணக்கில் வருவோம் என்று அவர்களுக்குத் தெரியாது. விண்ணப்பம் ஆங்கிலத்தில்.

கொடுக்கும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடக்க வகுப்புகளில் பல ஆசிரியர்கள் முதல் நாள் எல்லோருடைய பென்சில்களையும் வாங்கி ஒரே கூடையில் போட்டுவிடுவார்கள். இல்லாத பிள்ளை தனியாகத் தெரியாது என்பதால் நல்ல வழக்கம்தான். ஆனால் வாழ்க்கையில் முதன்முதலாகத் தனக்கே தனக்கென்று ஒரு பென்சில் பெட்டி கிடைத்த பிள்ளை அதை மொழி புரியாத ஒரு பெரியவர் எடுத்துப் போவதைத்தான் பார்க்கும். தாய்மொழி தெரிந்த ஒருவர் இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். நன்கொடையாளரின் சின்னம் பெரிதாக அச்சிட்ட பையும் அப்படித்தான். ஒரே நிறப் பையோடு பத்துப் பேர் நடந்தால் அவர்கள் யார் என்று பள்ளிக்கே தெரிந்துவிடும்.

2025 ஜனவரியில் அகதிகள் வருகையை டிரம்ப் அரசு நிறுத்தியது. 2026 நிதியாண்டுக்கு வைத்த உச்சவரம்பு 7,500, அதிலும் பெரும்பகுதி தென்னாப்பிரிக்க வெள்ளையர்களுக்கு. 2025 மார்ச்சில் ஆங்கிலம் ஆட்சிமொழி என்று ஆணை வந்தது. ஆங்கிலம் தெரியாதோருக்கு மொழியுதவி பற்றிய 2000-ம் ஆண்டின் ஆணை அதோடு ரத்தானது. அதே ஆண்டு ஜூலையில் மேலே சொன்ன 89 கோடியும் சில வாரங்கள் நிறுத்திவைக்கப்பட்டு, பிறகு விடுவிக்கப்பட்டது.

வருகை நின்றாலும் வந்தவர்கள் வகுப்பில் இருக்கிறார்கள். விளையாட்டுத் திடலில் பேசும் ஆங்கிலம் சீக்கிரம் வந்துவிடும். பாடநூலைப் படித்து விடை எழுதும் ஆங்கிலத்துக்கு நான்கிலிருந்து ஏழு ஆண்டு ஆகும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. 2024-ல் மூன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு அது கைவரும்போது ஏழாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புக்குள் எங்காவது இருக்கும். இலவசப் பைகள் பெரும்பாலும் சிறு பிள்ளைகளை மனதில் வைத்து நிரப்பப்படுபவை. ஒன்பதாம் வகுப்புப் பட்டியலில் கிரேயான் இருக்காது. வரைபடம் போடும் கால்குலேட்டர் இருக்கும், விலை 100 டாலருக்கு மேல்.